கையில் வாட்ச், வீட்டில் பிரஷர் மெஷின்: இதயத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் பார்க்கிற மேசைதான் என் இடம். முன்பெல்லாம் வருகிறவர்கள் கையை நீட்டி "எவ்வளவு சிஸ்டர்?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது போனை எடுத்து நீட்டுகிறார்கள், மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுகிறார்கள். கேள்விகளோ திரும்பத் திரும்ப அதேதான். பின்னால் வரிசை நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை. அதில் நான் கை வைக்கவில்லை.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே சிஸ்டர், நான் எதுக்கு இதையெல்லாம் பார்க்கணும்?"

பிரஷர் 160 இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தலை சுற்றாது, மயக்கம் வராது, வயலுக்குப் போய் வேலை செய்துவிட்டு வருவார்கள். தெரியாமல் இருப்பதுதான் அதன் ஆபத்தே. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதம் ஒன்பது விஷயங்களால் வருகிறது என்று காட்டியது. புகையிலை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவாகச் சாப்பிடுவது, மது, உடல் உழைப்பின்மை ஆகியவைதான் அந்த ஒன்பது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாட்டவர்களுக்கு அது கிட்டத்தட்ட 59.

இந்த ஒன்பதில் பலவற்றை வீட்டிலேயே அளக்கலாம், எண்ணலாம், ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கருவிகள் உதவுவது அங்கேதான். ஆனால் கொழுப்பை எந்த வாட்சும் அளக்காது, அதற்கு ரத்தப் பரிசோதனைதான். தொப்பைக்குத் தையல் டேப் போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

"ஒண்ணுதான் வாங்க முடியும். வாட்ச் வாங்கவா, பிரஷர் மெஷின் வாங்கவா?"

வீட்டில் 40 வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் யோசிக்காமல் பிரஷர் மெஷின் வாங்குங்கள். மேல்கையில் பட்டை சுற்றுகிற மெஷினாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவதில் கை கொஞ்சம் தாழ்ந்தாலும் எண் மாறிவிடும். நடையை எண்ணுவதற்கு உங்கள் கையில் இருக்கிற ஸ்மார்ட்போனே போதும், பெரும்பாலும் அதற்குள்ளேயே அந்த வசதி இருக்கும்.

வாங்கும்போது பட்டையின் அளவைக் கேளுங்கள். கூடவே வருகிற பட்டை பல மெஷின்களில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்குத்தான். பருத்த கைக்கு அது சின்னது, எண்ணைக் கூட்டிக் காட்டும். மேல்கையின் நடுவில் டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வாங்கியதும் ஒரு முறை எங்களிடம் கொண்டுவந்து எங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் காட்டுது. கெட்டுப்போச்சா?"

இல்லை. பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற விஷயம். அதோடு நாம் பார்க்கிற விதமும் அதை மாற்றிவிடுகிறது. ஓர் அம்மா தினமும் 150, 155 என்று எழுதிக்கொண்டு வந்தார். எப்படிப் பார்க்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். சமையலறையிலிருந்து வந்த மாதிரியே முக்காலியில் உட்கார்ந்தார். இறுக்கமான ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார். கையை மடியில் போட்டுக்கொண்டு, பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே மருமகளிடம் சாதம் வடித்தாயா என்று எப்படிக் கேட்பாரோ அதையும் எனக்குச் செய்து காட்டினார். முதுகுக்குச் சாய்வு இல்லை, கை இதய மட்டத்தில் இல்லை, வாயும் ஓயவில்லை. இதில் ஒவ்வொன்றும் சில புள்ளிகளை ஏற்றும். கையை மடியில் வைத்தாலே மேல் எண் 4 புள்ளி வரை கூடுகிறது, பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6, 7 புள்ளி கூடுகிறது என்று 2024இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

சரியான முறை இதுதான். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். சாய்வுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருங்கள். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை மேசை மேல் வையுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் தலையணை வைத்து உயர்த்துங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். அந்த அம்மா அங்கேயே இப்படி உட்கார்ந்து பார்த்தபோது 138 வந்தது.

"வீட்டுல 132 காட்டுது, ஆஸ்பத்திரியில 150 காட்டுது. எது உண்மை?"

இரண்டுமே உண்மைதான். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்கள் நிறைய. அவசரமாகப் பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்ற களைப்பும் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். எங்களிடம் நன்றாகக் காட்டும், வீட்டில் ஏறியிருக்கும். அது இன்னும் மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாமலே போகும்.

அதனால்தான் ஒரு வாரக் கணக்கு கேட்கிறோம். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும், மாலையிலும், மேலே சொன்ன முறைப்படி இரண்டிரண்டு முறை பாருங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டில் 135/85தான் எல்லை. அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் நூறு வார்த்தை சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.

"பத்தாயிரம் ஸ்டெப் நடந்தே ஆகணுமா? என்னால முடியலையே."

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு ஜப்பானிய நிறுவனம் நடையை எண்ணுகிற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மான்போ-கே', அதாவது 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தது. விளம்பரத்துக்குப் பிடித்த முழு எண், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களைக் கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய கூடுதல் லாபம் தெரியவில்லை. அதனால் இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூட்டுங்கள். இரண்டு வாரம் அது பழகட்டும், அப்புறம் இன்னோர் ஆயிரம். வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சம். எங்கே நடப்பது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்திருக்கிறார்கள்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. போன் சமையலறை அலமாரியில் இருக்கும், நீங்கள் நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பீர்கள். சாயங்காலம் பார்த்தால் 800 என்று காட்டும். அதைப் பார்த்து மனம் சோர வேண்டாம். போன் உங்களோடு வந்தால்தான் அதற்குத் தெரியும். ஒரு சின்ன சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

"என்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு. எனக்கு இதெல்லாம் ஆகாதா?"

ஆகும், நன்றாகவே ஆகும். இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே கிடைத்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர், சுகர் வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, நடை பற்றி அறிவுரை சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் அதற்குமேல் இரண்டு ஆண்டுகள் செல்போனில் குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. 2013இல் வெளியான முடிவு: குறுஞ்செய்தி வராதவர்களில் 100க்கு 27 பேருக்குச் சுகர் வந்தது, வந்தவர்களில் 100க்கு 18 பேருக்குத்தான். சுகர் தள்ளிப்போனால் இதயத்துக்கு வருகிற கேடும் தள்ளிப்போகும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் இதய நோயாளிகள் 710 பேரிடம் இப்படிச் செய்து பார்த்தார்கள். வாரம் நான்கு குறுஞ்செய்தி, ஆறு மாதம். முடிவில் செய்தி வந்தவர்களில் 26 சதவீதம் பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள், வராதவர்களில் 43 சதவீதம் பேர். பிரஷரின் மேல் எண்ணும் 7, 8 புள்ளி குறைவு. படம் இல்லை, வீடியோ இல்லை, நான்கு வரி எழுத்துதான். உங்கள் பட்டன் போனில் குறுஞ்செய்தியும் அலாரமும் உண்டு. அலாரம் வைக்கத் தெரியாவிட்டால் கொண்டுவாருங்கள், நானே வைத்துத் தருகிறேன்.

"ஒரு மாசம் ஒழுங்கா பார்த்தேன். அப்புறம் எப்படியோ விட்டுப்போச்சு."

எல்லோருக்கும் விட்டுப்போகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 471 பேரை எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்த்து, ஆறு மாதத்துக்குப் பிறகு பாதிப் பேருக்கு அசைவை எண்ணும் பட்டை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் பட்டை கட்டியவர்கள் குறைத்தது 3.5 கிலோ. கட்டாதவர்கள் குறைத்தது 5.9 கிலோ. 2016இல் இது வந்தபோது பலருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. கருவி எண்ணும், அவ்வளவுதான். எழுந்து செருப்பை மாட்டுவது நாம்தானே?

என் மேசையில் நான் பார்த்த வரையில், நீடிக்கிறவர்களிடம் இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, புதிய பழக்கத்தை ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் வண்டியை அங்கேயே நிறுத்தி, பள்ளி மதிலை நான்கு சுற்று நடந்துவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போகிறார். மகள் இறங்குவதுதான் அவருக்கு அலாரம். இரண்டு, அந்த எண்ணை இன்னொருவர் பார்க்கிறார். மனைவி, பேரன், நடைத் துணை, யாராக இருந்தாலும் சரி. ஒரே சமயத்தில் நடை, உப்பு, தூக்கம், தண்ணீர், எடை என்று ஐந்தையும் ஆப்பில் போட ஆரம்பிக்காதீர்கள். ஒன்றை எடுங்கள், மூன்று மாதம் அதையே பாருங்கள்.

"மெஷின்ல 120 வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?"

கூடாது. மாத்திரை வேலை செய்வதால்தான் 120 வந்திருக்கிறது. நிறுத்தினால் சில நாளில் மறுபடி ஏறும், அதுவும் சத்தமில்லாமல். நடையாலும் உப்பைக் குறைத்ததாலும் உண்மையாகவே இறங்கியிருக்கலாம் என்று தோன்றினால், நான்காவது பதிலில் சொன்ன ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

மறந்துபோகிறது என்பவர்கள் போனில் தினசரி அலாரம் வைத்து, மாத்திரை டப்பாவை அந்தப் போன் சார்ஜ் போடும் இடத்திலேயே வையுங்கள். தீர்ந்துபோனதால் விட்டுவிட்டேன் என்பவர்களுக்கு: 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். பெயர் பதியவில்லை என்றால் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.

"உப்பைக் குறைங்கன்னு சொல்றீங்க. எவ்வளவு சாப்பிடறோம்னு எந்த ஆப்ல பார்க்கிறது?"

ஆப் வேண்டாம், உப்புப் பாக்கெட் போதும். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் அது 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். தீர்ந்த அன்று இன்னொரு படம். 25 நாளில் தீர்ந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ஹோட்டல் சாம்பார் இதில் சேரவே இல்லை.

பாக்கெட் தின்பண்டத்தில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

"சாப்பாட்டை ஆப்ல ஏத்தறது பெரிய ரோதனையா இருக்கே?"

ஆமாம், விட்டுவிடுங்கள். நம் குழம்புக்கு வீட்டுக்கு வீடு எண்ணெய் மாறும், ஆப் காட்டுகிற கலோரி உத்தேசம்தான். மதியத் தட்டை ஒரு வாரம் படம் மட்டும் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏழு படத்தையும் வரிசையாகப் பாருங்கள். சோறு எவ்வளவு, காய் எவ்வளவு என்று கண்ணே சொல்லிவிடும்.

"பீடியை விடறதுக்குப் போன் என்ன பண்ணும்?"

தனியாகப் போராடாமல் இருக்க உதவும். 1800-11-2356 என்ற இலவச எண் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, ஆலோசகர் பேசுவார். 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டுகிற திட்டத்தை மத்திய அரசு 2016இல் தொடங்கியது. குறுஞ்செய்திக்கு என்ன பலம் உண்டு என்று சிட்னி கணக்கில் பார்த்தோமே. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்று யாராவது அடம்பிடித்தால், புகையிலையை விடுங்கள் என்பேன்.

"வாட்ச் கட்டியிருந்தா ஹார்ட் அட்டாக் வர்றதை முன்கூட்டியே சொல்லிடுமா?"

சொல்லாது. இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். வாட்சின் அடியில் மினுக்குகிற பச்சை வெளிச்சம் தோலுக்கடியில் ரத்தம் போய்வருவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. சில வாட்ச்கள் ஈ.சி.ஜி. எடுக்கும், ஆனால் அது ஒற்றைக் கோணத்துப் படம். ஆஸ்பத்திரியில் எடுப்பதோ 12 கோணம். அடைப்பு எங்கே என்று பார்க்க அது வேண்டும். ஆப்பிள் நிறுவனமே தன் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று எழுதித்தான் விற்கிறது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் அசதியும் குமட்டலுமாக வரலாம். கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகள் 14 தயாராக இருக்கின்றன, கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

"துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு வாட்ச் காட்டுச்சு. பயப்படணுமா?"

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2019இல் வெளியான ஆப்பிள் ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் வாட்ச் கட்டியிருந்தார்கள். எச்சரிக்கை வந்தது ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு. அவர்களில் பிறகு ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அப்போது துடிப்புக் கோளாறு பிடிபட்டது. அந்தக் கோளாறு விட்டுவிட்டு வருவது என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டுகொள்ளாமல் விட்டால் பக்கவாதத்துக்கு வழிவிடும். எச்சரிக்கைத் திரையைப் படம் பிடித்து, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

"என் வாட்ச்ல பிரஷர், சுகர் எல்லாமே காட்டுதே?"

குத்தாமல் சுகர் காட்டுகிற எண்ணை நம்பி ஒரு மாத்திரையும் கூட்டக் கூடாது, ஓர் இனிப்பும் சாப்பிடக் கூடாது. வாட்சோ மோதிரமோ தானாகவே சுகர் அளக்க எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்குள் மெல்லிய கம்பி போகிற ஒட்டும் சென்சார் வேறு வகை, அது டாக்டர் சொல்லிப் போடுவது. பிரஷரைப் பொறுத்தவரை, சாம்சங் வாட்சில்கூட 28 நாளுக்கு ஒரு முறை கைப்பட்டை மெஷினில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்படியென்றால் அந்த மெஷின் வீட்டில் இருந்தாக வேண்டும், இல்லையா?

"நான் துபாய்ல இருக்கேன். ஊர்ல அப்பா எதையும் கேட்க மாட்டேங்கறார். என்ன பண்றது?"

தினமும் "பார்த்தீங்களா, நடந்தீங்களா" என்று கேட்டால் எந்த அப்பாவுக்கும் கோபம்தான் வரும். நீங்கள் முதலில் அனுப்புங்கள். "இன்னைக்கு 6,200 நடந்தேன்பா, நீங்க?" என்று. எங்களிடம் வருகிற பெரியவர் ஒருவரின் நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறார். முதலில் தேதி, அடுத்து அவர் பிரஷர், மூன்றாவதில் ஷார்ஜாவில் இருக்கும் மகள் அன்று நடந்த கணக்கு. மகள் நடக்காத நாளில் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறார். ஆறு மாதமாக ஒரு நாள்கூட அவர் விட்டதில்லை.

"ராத்திரி முழிச்சு முழிச்சு பிரஷர் பார்க்கிறேன். ஏறியிருக்குமோன்னு பயமா இருக்கு."

பயந்துகொண்டு பார்த்தால் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம், மறுபடி மெஷின். இப்படிப்பட்டவர்களிடம் மெஷினைப் பீரோவுக்குள் வைக்கச் சொல்லிவிடுவேன். டாக்டர் வாரக் கணக்கு கேட்கும்போது எடுங்கள், மற்றபடி வாரத்தில் இரண்டு நாள் காலையில் பார்த்தால் போதும். வாட்சிலும் துடிப்பு அறிவிப்புகள் தொந்தரவாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடலாம்.

180/120க்கு மேல் வந்தால் மட்டும் வேறு கணக்கு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் ஏதாவது இருந்தால் உடனே 108. எதுவும் இல்லையென்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கையில் இருக்கிற மாத்திரையை நீங்களாக இன்னொன்று போட்டுக்கொள்ளாதீர்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.